உளுந்தங்காட்டில் பியூகிள்

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேண்டு வந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய முதலாளி ஒருவர் வாங்கிக் கொடுத்தார். பெரிய டிரம், சின்ன டிரம்கள், தாளத் தட்டு, கூடவே பளபளவென்று ஒரே ஒரு பியூகிள். டிரம்மை யார் தட்டினாலும் சத்தம் வரும். பியூகிள் அப்படியில்லை. வகுப்பிலிருந்த தடியன்கள் எல்லாம் கன்னம் உப்ப ஊதினார்கள், எச்சில்தான் வந்தது. நான் ஊதினேன், எருமைக் கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டிரில் சார் மிரண்டுபோனார்.

"ஏட்டி, இதுக்கு முன்னால எதும் ஊதியிருக்கியா?"

"அடுப்பு ஊதியிருக்கேன் சார்."

ஊதாங்குழல் புண்ணியத்தில் பியூகிள் எனக்கே வந்தது. ஆனால் சார் ஒரு நிபந்தனை போட்டார். குடியரசு தினத்தன்று கொடி ஏறும்போது தடுமாறாமல் ஊத வேண்டும். பொங்கல் லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை அவர் கேட்டுப் பார்ப்பார். தேறாவிட்டால் பியூகிள் முதல் பெஞ்சுப் பையனுக்குப் போய்விடும். அந்தப் பயல் தினமும் வந்து, "வாய் வலிக்கா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரிப்பான். அவன் கையில் கொடுப்பதைவிடக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று நான் உண்மையாகவே நினைத்தேன்.

லீவுக்கு அதை வீட்டுக்குக் கொண்டு போனேன். முதல் நாள் சாயங்காலம் நடுவீட்டில் உட்கார்ந்து ஊதினேன். நீளமாக, நடுங்கிக்கொண்டே இறங்குகிற ஓர் ஊளை. எங்கள் பக்கம் அப்படியொரு சத்தம் ஒரே காரியத்துக்குத்தான் கேட்கும். வீட்டில் உயிர் போனால் வாசலில் சங்கு ஊதுவார்கள். எதிர்வீட்டு அத்தை கையெல்லாம் மாவோடு ஓடிவந்து, "யாருக்கு? எப்பம்?" என்றாள். பின்னாலேயே இன்னொருத்தி தூக்குச்சட்டி நிறையக் காப்பியோடு வந்துவிட்டாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாதல்லவா! அம்மா அந்தக் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல நாளும் பொழுதுமா வீட்டுக்குள்ள சாவுச் சங்கு ஊதுதா. இனி இது இங்கன வாயத் தொறக்கக் கூடாது" என்று பியூகிளைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

அப்பா பலசரக்குக் கடைக்காரர். அம்மாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர். லீவின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து பியூகிளை இறக்கினார். என்னை சைக்கிளில் ஏற்றிக் கழுகுமலை ரோட்டில் மிதித்தார். வீடு வாசல் எதுவும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தி, "இங்கன ஊது. கேக்க ஆளில்ல" என்றார்.

ஆட்கள் இருந்தார்கள். உடைமரங்களுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் நான் மூன்று தரம் ஊதினேன். மூன்றாவது அருமையாக வந்தது. பெருமையோடு அப்பாவைப் பார்க்கிறேன், எங்கிருந்தோ ஒப்பாரிச் சத்தம் கேட்கிறது.

எட்டிப் பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வரிசையாக ஊரைப் பார்த்து ஓடுகிறார்கள். முன்னால் போனவள் மார்பில் அடித்து அழுகிறாள். எல்லோரையும் முந்திக்கொண்டு, தலைத்துண்டு அவிழ ஒரு ஆள் ஓடுகிறார்.

"யப்பா, நாம போயிருவோம்" என்றேன்.

"போயிட்டா அவிய அழுதுகிட்டேல்லா இருப்பாவ" என்று அப்பா சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினார். நல்லவருக்கு மகளாகப் பிறந்தால் இதுதான் கதி.

ஊரில் ஒரு வீட்டு முன்னால் கூட்டம். தலைத்துண்டு அவிழ ஓடியவர்தான் உளுந்துக்குச் சொந்தக்காரர். அது அவர் வீடு. ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர் அவருடைய அய்யா. சங்குச் சத்தம் கேட்டதும், அவருக்குத்தான் என்று மகன் முடிவு செய்துவிட்டார்; யாருக்கு என்று கேட்காமலே பெண்களும் கூட ஓடியிருக்கிறார்கள். நாங்கள் போகும்போது பெரியவர் கயிற்றுக் கட்டிலில் கஞ்சிக் கும்பாவோடு உட்கார்ந்திருந்தார். மகன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஏலே, நான் கஞ்சிதானல குடிக்கேன்?" என்றார் பெரியவர்.

அப்பா விஷயத்தைச் சொன்னார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த வேகத்தில் என் கையிலிருந்த பியூகிளைப் பிடுங்கிக்கொண்டார். "வேல நேரத்துல ஆள் பூரா ஓடியாந்துட்டு! உளுந்து வெடிச்சுச் சிந்துனா நீங்களா அண்ணாச்சி பொறுக்குவீய?" அவர் கையிலேயே என் கண் இருந்தது. உலக்கையைப் போட்டு அதை நசுக்கிவிட்டால்? நாளைக்குச் சாரிடம் எதைக் காட்டுவேன்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அதப் பிள்ளைட்ட குடுல" என்றார் பெரியவர். "எனக்குன்னு ஊதுன சங்கு. முழுசாக் கேக்க வேண்டாமா?"

கூட்டம் சிரித்துவிட்டது. முன்னால் அழுதுகொண்டு ஓடியவளிடம் அப்பா, "யாருன்னு தெரியாம எப்படிம்மா அழுதீய?" என்று கேட்டார். "ஊரு வந்து சேருறதுக்குள்ள தெரிஞ்சிரும்லா" என்றாள் அவள்.

நான் ஊதினேன். "இன்னொருக்க" என்றார் பெரியவர். மறுபடி ஊதினேன். என் ஊளைக்கு யாரும் முகம் சுளிக்காத ஒரே வீடு அதுதான். மத்தியானம் வரைக்கும் ஊதினேன். பக்கத்திலிருந்த பெண் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: கிணற்றுப் பக்கத்துப் புஞ்சையைப் பெரியவர் இளையவனுக்கு எழுதிவைத்த நாளிலிருந்து, ஒரே கூரைக்குள் இருந்தும் அய்யாவும் மூத்த மகனும் பேசிக்கொள்வதில்லையாம். கஞ்சி வேண்டும் என்றாலும் பெரியவர் மருமகளிடம்தான் சொல்வாராம்; மகனை அவர் 'ஏலே' என்று கூப்பிட்டதே இன்றைக்குத்தானாம். மகன் காட்டுக்குத் திரும்பாமல் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்பாவும் நானும் பெண்களோடு சேர்ந்து பொழுது சாயும் வரை உளுந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை ஒரு பிசிறில்லாமல் ஊதினேன். முதல் பெஞ்சுப் பையனுக்குத் தாளத் தட்டுத்தான் கிடைத்தது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. குடியரசு தினமும் நல்லபடியாக முடிந்தது. சார் பியூகிளைத் துடைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் அப்பாவோடு இருந்தேன். உளுந்துக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"பாப்பா இன்னைக்கு அங்கன ஊத வரலியா, அண்ணாச்சி?"

"அவதான் தேறிட்டால்லா. பியூகிளப் பள்ளிக்கூடத்துல குடுத்தாச்சு."

அவர் போகவில்லை. சாமான் எதுவும் கேட்கவுமில்லை. தோள்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"இல்ல, அய்யா கேட்டாரு. அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாலன்னாரு." என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கிட்ட கேட்டாரு, அண்ணாச்சி. எங்கிட்டயே கேட்டாரு."