நடுத்தர விலையில் ஒரு யுகுலேலே

யுகுலேலே என்கிற சாமானை நான் ஒருநாளும் மதித்தது கிடையாது. கிட்டார் வாசிக்கிறவனுக்கு அந்த நாலு கம்பிக் குட்டிக் கிட்டார் ஒரு விளையாட்டுப் பொருள். பிறந்தநாள் வீட்டில் யாராவது ஒருவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று பல்லைக் காட்டுவார். நான் மூலையில் இருந்து முகத்தைச் சுளிப்பேன். அப்படிப்பட்ட நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு கடையில் இருந்த ஏழு யுகுலேலேக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன் என்றால், அது என் தம்பிக்காக.

நானும் அவனும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருந்தோம். எனக்கு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் கிளார்க் வேலை. அவனுக்கு இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிய பிறகு அவர்கள் எங்களுக்குத் தொலைபேசிக் குரல்கள் மட்டும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிட்டார். சுருதி சேர்ப்பது நான், வாசிப்பது பெரும்பாலும் அவன். சுருதியில் ஒரு மயிரிழை விலகினாலும் எனக்குப் பல் கூசும். அவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய முதலாவது கம்பி அறுந்துவிட்டது. நிறுத்தடா, மாற்றிவிட்டு வாசிப்போம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மிச்சம் ஐந்து கம்பியிலும் அடித்துத் தள்ளினான். சனம் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன். "ஆக்கள் ஆடினவையோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு ஒரு நாள் ஆமியும் பொலிசும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். நான் வெள்ளெனவே வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் அனெக்ஸ் கதவு திறந்து கிடந்தது, பிளேன்டீ பாதி குடித்தபடி மேசையில் இருந்தது. ஒழுங்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் அத்தனை பேரையும் ஏற்றிப் போயிருந்தார்கள். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மற்றவர்களை விட்டார்கள். அவனை மட்டும் விடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதலில் ஒரு பொலிஸ் நிலையம், பிறகு இன்னொன்று, கடைசியில் கொழும்பிலேயே ஒரு சிறை. என் கையில் ஒரு தடுப்புக் காவல் கடிதத்தைத் தந்தார்கள். குற்றம் என்ன என்று கேட்டால் அது விசாரணையில் இருக்கிறதாம்.

புதன்கிழமைகளில் பார்க்கலாம், ஐந்து நிமிடம். இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவில் ஒரு முழ இடைவெளி. இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர், அந்தப் பக்கம் அவர்கள் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அம்மாவின் சுகம் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது புதன்கிழமை அவன் இடது கையை வலையோடு சேர்த்து வைத்து விரல் நுனிகளைக் காட்டினான்.

"அண்ணா, காய்ச்சுப் போயிருந்த இடமெல்லாம் மெத்தெண்டு ஆகிப் போச்சுது."

கிட்டார்க்காரனுக்கு அந்தக் காய்ப்புத்தான் சொத்து. சரிதான், கையைப் பற்றித்தான் கவலைப்படுகிறான் என்று நினைத்தேன். அடுத்ததாகச் சொன்னது கையைப் பற்றி இல்லை.

"பகல் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். மற்ற ஆக்களோட கதைக்கவும் மனமில்லை. தலைக்குள்ள என்னவோ செய்யுது அண்ணா. கையில ஏதும் இருந்தால் சமாளிச்சுப் போடுவன்."

என் தம்பி பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

வெளியே வந்து, கிட்டாரை உள்ளே விடும்படி ஜெயிலர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். நல்ல மனிதர். "கிட்டார் பே, மல்லி," என்றார். கிட்டார் விடமுடியாது தம்பி, அதில் இரும்புக் கம்பி இருக்கிறது, ஒருவன் கழுத்தை நெரிக்கலாம், தன் கழுத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அவர் தன்னுடைய கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சின்னதாக, நைலோன் கம்பி போட்டதாக ஏதாவது இருந்தால் கொண்டு வா, வாசலில் சொல்லி வைக்கிறேன் என்றார். அந்த நிமிடம்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துச் சிரித்த அந்த விளையாட்டுச் சாமானை மரியாதையோடு நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைக் கடையை நடத்தியது ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்கம் மாதா சுரூபங்களும் மெழுகுதிரிகளும், மறுபக்கம் கிட்டாரும் வயலினும். சனிக்கிழமை போனேன்.

"யாருக்குத் தம்பி?"

"தம்பிக்கு."

"எங்க இருக்காரு?"

"வெளிநாட்டில," என்றேன். அந்த நாட்களில் சிறையில் இருக்கிறான் என்று கடையில் நின்று சொல்லுகிற பைத்தியக்காரன் யார்? தடுப்பில் இருக்கிறவனின் அண்ணன் என்றால் அனெக்ஸ்காரரே வாடகைக்கு வேறு ஆள் பார்ப்பார். பொய் வாயில் தயாராகவே இருந்தது. அந்தப் பொய்யை நினைத்து இப்போது என் நாக்கையே கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது.

மலிவானவற்றை முதலில் எடுத்தேன். பச்சை, ஊதா, மஞ்சள் வர்ணம் பூசியவை. கீயைத் திருகிச் சுருதி வைத்துவிட்டு இரண்டு முறை தட்டினால் பழையபடி இறங்கிவிடும். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளின் ஓரங்கள் விரலைக் கீறின. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அதே சுரம் உயரத்தில் வரவேண்டும். வேறு எதுவோ வந்தது. பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று பயப்படுகிறவனுக்கு இதைக் கொடுத்தால் அன்றைக்கே பிடித்துவிடும். விலை கூடியவை கண்ணாடிக்குள் இருந்தன. மேற்பலகை ஒரே மரம், தட்டினால் மணிபோல் பேசியது. ஆனால் உள்ளே மைக்கும் வயரும் பற்றரியும். வயர் உள்ள சாமானைச் சிறை வாசலில் நீட்டினால் என்னையும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். அதோடு ஒற்றை மரம் சிறையின் ஈரக் கசிவில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மிஞ்சியது நடுத்தர விலையில் ஒன்று. மண்ணிறம், ஒட்டுப்பலகை, நல்ல இறுக்கமான கீ. மிகச் சின்னதும் இல்லை. கிட்டாரில் பழகிய விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்குமளவுக்கு இடம் இருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பேசியது. சரி, இதுதான் என்று நெஞ்சோடு வைத்து நாலு கம்பியையும் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். பல் கூசியது.

நாலாவது கம்பி பிழை. கிட்டாரில் மேலே இருக்கிற கம்பி கனத்த குரலில் பேசும், கீழே வரவரக் குரல் ஏறும். இதில் மேலே இருந்த கம்பி கீச்சுக் குரலில் கத்தியது.

"இதை மாத்தித் தாங்கோ அக்கா, பிழையான கம்பி போட்டிருக்கு."

"பிழை இல்ல தம்பி, யுகுலேலேன்னா அப்படித்தான். அதோட சத்தமே அதுலதான் இருக்கு."

"எனக்குச் சொல்லித் தராதேங்கோ. பதினைஞ்சு வருஷமாக் கிட்டார் வாசிக்கிறன்."

அவர் தோளைக் குலுக்கினார். இறாக்கையில் நைலோன் கிட்டார்க் கம்பிகள் இருந்தன. நானே தேடி, நாலாவதை எடுத்து, நானே பூட்டினேன். கனமாக, அழகாக, கிட்டார் போலப் பேசியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கலாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிளேனில் போகிற சாமான் என்று அக்கா பேப்பர் சுற்றி வடிவாகக் கட்டித் தந்தார். யாருக்கென்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்தக் கம்பியைக் கையில் எடுத்துக் காட்டியிருப்பார். நல்ல மனுசி அவர்.

புதன்கிழமை வாசலில் வரிசை. சோப்பை இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெட்டை உடைத்துக் கொட்டுவார்கள். சோற்றுப் பார்சலுக்குள் கையை விட்டுக் கிளறுவார்கள். என் முறை வந்தது. காவலர் யுகுலேலேயை வாங்கி, குலுக்கி, துவாரத்துக்குள் டோர்ச் அடித்து, ஒவ்வொரு கம்பியாக நகத்தால் சுரண்டினார். முதல் மூன்றிலும் நகம் வழுக்கியது. நாலாவதில் கறகறவென்று சத்தம் வந்தது.

கிட்டார்க்காரன் நைலோன் செட் என்று சொல்லுவானே தவிர, அதில் கனத்த குரல் கம்பிகள் மூன்றும் உள்ளே நைலோன் நூல், வெளியே நெருக்கிச் சுற்றிய உலோகக் கம்பி. பதினைந்து வருடம் வாசித்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். வாயால் நைலோன் என்றே சொல்லிச் சொல்லி, கண்ணுக்கு முன்னால் வெள்ளியாய் மினுங்குவதைக் காணாமல் விட்டேன். கிட்டாரைத் தொட்டே பார்க்காத ஒருவன் வாங்கியிருந்தால் அக்கா கொடுத்ததை அப்படியே கொண்டுபோயிருப்பான்.

காவலர் கோபப்படவில்லை. "மேக்க கலவலா தென்ன, மல்லி," என்றார். இதை மட்டும் கழற்றிவிட்டுத் தா, மற்றதை உள்ளே விடுகிறேன்.

கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கீயைப் பத்துச் சுற்றுத் திருப்பினால் போதும். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று கம்பியோடு ஒரு வாத்தியத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன். அது பல்லுப் போன வாய் மாதிரி இருக்குமே என்று எனக்கு வெட்கம் வந்தது. வேண்டாம் மாத்தயா, சரியான கம்பி போட்டு அடுத்த புதன் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பித் தந்தார். வாசலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் அதைக் கொடுத்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். ஒரு வாரத்தில் இன்னும் மெலிந்திருந்தான்.

"கொண்டு வரேல்லையோ?"

நடந்ததைக் கத்திச் சொன்னேன். அவன் காதை வலையோடு ஒட்டி வைத்துக் கேட்டான்.

"மற்ற மூண்டும் நல்லாக் கிடக்கோ?"

"ஓம்."

"மூண்டு காணுமே அண்ணா. எனக்கு அது போதும்."

"சும்மா இரடா. வடிவா நாலோட கொண்டு வாறன். ஒரு கிழமைதானே."

அவன் தலையை ஆட்டினான். மணி அடித்துவிட்டது.

அடுத்த புதன் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பப் போய், பழைய கீச்சுக் கம்பியையே வாங்கிப் பூட்டியிருந்தேன். காவலர் சுரண்டிப் பார்த்தார், நாலும் வழுக்கின. புத்தகத்தில் பெயரைத் தேடினார். இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். வெள்ளிக்கிழமையே அவனை மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத படி இல்லை. பொலிஸ் நிலையங்கள், ஆணைக்குழுக்கள், சட்டத்தரணிகள், வேறு ஊர்களில் உள்ள தடுப்பு முகாம்களின் வாசல்கள். போன இடமெல்லாம் யுகுலேலேயையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன், எங்கேயாவது ஒரு வாசலில் ஓம், இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் உடனே கொடுக்கலாமே என்று. ஒருவரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்தது. விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல்கள் வந்தன, அவற்றில் அவன் பெயர் இல்லை. செத்தவர்கள் என்று ஒப்புக்கொண்ட பட்டியல்களிலும் இல்லை. அம்மா தொலைபேசியில் கேட்பதை நிறுத்தவில்லை. நான்தான் சில நாட்களில் எடுக்காமல் விட்டேன்.

யுகுலேலே அலுமாரிக்கு மேலே இருந்தது. நான் அதை வாசிக்கவே இல்லை. அது அவனுடைய சாமான். எப்போதாவது தூசி தட்டுவேன், சுருதி பார்ப்பேன், பழையபடி வைத்துவிடுவேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்படிச் சுருதி வைக்கும்போது நாலாவது கம்பி கையிலேயே அறுந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அழுகையைவிடக் கேவலமான ஒரு சிரிப்பு.

மாற்றுக் கம்பி வீட்டில் இல்லை. அலுமாரிமேல் வைக்கப் போனவன் வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்தேன். அந்தக் கல்யாண வீட்டில் அவன் ஐந்து கம்பியில் அடித்த பாட்டை மூன்று கம்பியில் பிடித்துப் பார்த்தேன். முதலாவது சுரக்கூட்டுக்கு ஒரு விரல். இரண்டாவதற்கும் ஒரு விரல்தான். மூன்றாவதற்கு மூன்று விரல். கீச்சுக் கம்பி இல்லாதது தெரியவே இல்லை. என் பல்கூடக் கூசவில்லை. பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாக வந்தது.

அவன் சொன்னது சரி. மூன்று காணும்.