இரண்டு திருத்தங்கள் வரை

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். லேபல், விசிட்டிங் கார்ட், கல்யாண அழைப்பிதழ் என்று எது வந்தாலும் வடிவமைத்துக் கொடுப்பேன். அலுவலகம் என்றால் கட்டிலும் லேப்டாப்பும்தான். வேலை தெரியும், விலை சொல்லத்தான் தெரியாது. யாராவது "எவ்வளவு?" என்றதும் வாய் தானாகவே குறைத்துச் சொல்லிவிடும். போதாததற்கு ஊர் விசாரித்து உறவு கண்டுபிடித்து, "எங்கட ஆள்தானே, பாத்துப் போடுங்கோ" என்பார்கள். பார்த்துத்தான் போடுவேன். மாதக் கடைசியில் வாடகைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

கொட்டாஞ்சேனையில் முறுக்கும் மிக்சரும் செய்து கடைகளுக்குப் போடும் அக்கா ஒருவர் என்னிடம்தான் லேபல் செய்விப்பார். நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். ஒரு லேபல் முடிவதற்குள் பத்து முறையாவது மாற்றச் சொல்வார்.

"தங்கச்சி, அந்தச் செவப்ப கொஞ்சம் கொறைங்களேன். முறுக்கு கருகின மாதிரி தெரியுது."

குறைத்து அனுப்பினால் மறுநாளே, "பழைய செவப்பே நல்லா இருந்திச்சி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அத்தோடு போனை வைக்க மாட்டார். சாப்பிட்டீங்களா, என்ன கறி, ஏன் வெறும் பருப்பு, மழைக்கு உங்க பக்கம் தண்ணி நிக்குதா என்று கேட்டுக்கொண்டே முறுக்குப் பொரிப்பார்.

முன்பு என்னோடு வேலை செய்த தோழி இப்போது பம்பலப்பிட்டியில் சொந்தமாக இதே தொழில் செய்கிறாள். என் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மனுசிக்கு நீ பாதி நேரம் சும்மாதான் வேலை செய்யிறாய். ரெண்டு திருத்தம் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல ஒவ்வொண்டுக்கும் காசு எண்டு கொட்டேஷனிலயே போடு."

போட்டேன். விலையையும் கூட்டினேன். அக்கா சண்டைக்கு வருவார் என்று பதில்களை வேறு யோசித்து வைத்திருந்தேன். "சரி தங்கச்சி" என்று ஒரு செய்திதான் வந்தது. முற்பணம் அன்றே வந்தது. இரண்டு திருத்தங்களையும் ஒன்றாக எழுதி அனுப்பினார். வேலை முடிந்ததும் மீதியும் வந்தது. முதல் முறையாக வாடகையைச் சொன்ன தேதியில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா அழைக்கவில்லை. அடுத்த லேபலும் அப்படியே சத்தமில்லாமல் முடிந்தது. அம்மாவும் தங்கையும் கனடாவில், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார்கள். மற்ற நாள்களில் கடை முதலாளியிடம் சிங்களத்தில் "பான் பாகயக்" என்று அரை இறாத்தல் பாண் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். எனக்குத் தனிமையாக இருந்தது. அவ்வளவு எரிச்சலூட்டிய குரலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் நானே அக்காவுக்குப் போன் எடுத்தேன். அச்சு சரியாக வந்ததா என்று ஒரு சாக்குக்குக் கேட்டேன். நன்றாக வந்ததாம். பிறகு பொறுக்க முடியாமல், "ஏனக்கா, இப்ப நீங்க எடுக்கிறேல்ல?" என்றேன்.

"எடுக்கணும்னு தோணும் தங்கச்சி. ஒங்களுக்கு நேரம்தானே காசு? இத்தன நாளும் சும்மா கதைச்சிக் கதைச்சி ஒங்க பொழப்பக் கெடுத்திட்டேனேன்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. சரி, வைக்கிறேன். நீங்க வேலயப் பாருங்க."

"வைக்காதேங்கோ அக்கா, எனக்கு இப்ப வேலை ஒண்டும் இல்லை" என்றேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.