பதினொரு கேக்கும் ஒரு கோழியும்

இத்தாலியில் மூன்று வருடம் குசினியில் வேலை செய்தேன் என்று நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கேட்டவர்கள் அதைச் சமையல் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அங்கே நான் தட்டுக் கழுவினேன். குளிர்காலத்தில் ஆள் குறைந்தால் மரக்கறித் தோல் சீவவும் விட்டார்கள். மூன்றாம் வருடக் கடைசியில் கடதாசி சரியில்லை என்று பிடித்து விமானம் ஏற்றினார்கள். கொண்டுபோன பையைவிடச் சின்னப் பையோடு வந்து இறங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது ஒரு பெரிய வீழ்ச்சி இல்லை. அதற்கு முன்பு புத்தளத்தில் உப்பு வாரியிருக்கிறேன், வவுனியாவில் லொறியில் கிளீனராக நின்றிருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு மாரிகாலத்தைக் கண்டதில்லை. இத்தாலிதான் ஆகக் கூடியது.

அந்த மார்கழியில் மன்னார்ப் பள்ளிமுனையில் ஒரு மீன் வாடியில் படுத்தேன். கிடுகுக் கூரை. ஒழுகாத மூலை ஒன்று இருந்தது. அதில் வலை இருந்தது. வலை நனையக் கூடாது, நான் நனையலாம். வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியார் நல்ல மனுசன். தையில் வாடியைப் பிரித்துக் கட்டப்போவதாக எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கே போவாய் என்று மட்டும் கேட்கவில்லை. நான் எங்கேயாவது போகிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் தன் வீட்டின் மூன்று அறைகளைப் பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு விட்டு நடத்திக்கொண்டிருந்தார். சமையலுக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சமையல்காரனுக்கென்று வளவின் பின்பக்கம் ஓர் அறை. சீற் போட்ட கூரை, கதவு, பூட்டு, ஒரு பல்ப். நான் சம்பளத்தைக் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது, நிலம் காய்ந்திருந்தது.

"இத்தாலியிலயோ?" என்றார் ரீச்சர். "கடவுளே, நல்லதாப் போச்சு. என்ர தம்பி அங்கதான் கலியாணம் முடிச்சவன். மச்சாள் இத்தாலிக்காரி. இருபத்திரண்டாம் திகதி வாறா. தம்பி கொழும்பில காணி அலுவல் பார்த்திட்டு நத்தாருக்குப் பிறகுதான் வருவான்."

உலகத்தில் இவ்வளவு நாடு இருக்க, அவருடைய தம்பிக்குப் பெண் அங்கேயே கிடைத்திருக்கிறாள்.

ரீச்சர் போனில் ஒரு படம் காட்டினார். மச்சாள் அனுப்பியது. முழுக் கோழி, பொன்னிறத் தோல், சுற்றிவரச் செம்மஞ்சள் நிறத் தோடம்பழத் துண்டு, உள்ளிப்பூண்டு, கரட், கிழங்குகள். "குளிர்காலத்தில தாய் செய்து குடுக்கிறதாம். இருபத்திமூண்டு மத்தியானம் நீங்கள் இதைச் செய்யுங்கோ. அவ சாப்பிட்டிட்டு நல்லமெண்டால் அந்த அறை உங்களுக்கு. செய்வீங்கள்தானே?"

"கண்ணை மூடிக்கொண்டு செய்வன் ரீச்சர்."

"கண்ணைத் திறந்துகொண்டே செய்யுங்கோ. கோழி விலை."

அந்தக் கோழியை நான் சமைத்ததில்லை. ஆனால் அது வெந்த தட்டத்தைச் சுரண்டியிருக்கிறேன், மூன்று குளிர்காலம். சமையல்காரர் யாரும் அறியாத பக்கத்தால் நான் அதை அறிவேன். மெல்லிதாக வெட்டிய கரட் கரியாகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தடிப்பாக வெட்ட வேண்டும். உள்ளியை உரித்துப் போட்டால் கல்லாகும். தோலோடு போட்டால் உள்ளே களியாக இருக்கும், சுரண்டும்போது விரலில் ஒட்டும், நக்கிப் பார்க்கலாம். கோழிக்கு அடியில் வெங்காயம் பரப்பியிருந்தால் அன்று எனக்கு வேலை குறைவு. தோடம்பழத்தில் பாதி கோழியின் வயிற்றுக்குள் போகிறது என்பது எலும்புக் கூட்டை எறியும்போது தெரியவந்தது.

அந்த நாட்டில் குளிர்காலத்து மரக்கறி என்றால் வேறொன்றும் முளைக்காத நேரத்தில் மண்ணுக்குள் கிடப்பவை. ஒருவரும் மதிக்காதவை. மன்னாரில் அவை நுவரெலியாவிலிருந்து லொறி ஏறி வந்து சந்தையில் துரைமார் மாதிரிப் படுத்திருந்தன. கரட் ஒன்றை உருட்டிப் பார்த்ததற்கே வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ரீச்சர் தந்த காசுக்குக் கரட், லீக்ஸ், பீற்றூட், உருளைக்கிழங்கு, நோக்கோல் வாங்கினேன். தோடம்பழம் பச்சைத் தோலோடு புளித்தது. தேசிக்காயும் நாலு எடுத்தேன், புளிப்புக்குத் துணையாக.

கோழிக்குத் தாராபுரத்து முஸ்லிம் இறைச்சிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசில் போட்டார், நிறுத்தார், அறுத்தார்.

"வெட்ட வேண்டாம் நானா, முழுசா வேணும்."

"முழுசா என்ன செய்யப் போறீங்க? மடியில வச்சுப் படம் எடுக்கவா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவருடைய கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலைக் கழற்றி வாளியில் எறிந்துவிட்டார்.

"நானா, தோலோட வேணும்!"

"தோலோட திங்க நீங்க என்ன நரியா?"

இரண்டாவது கோழிக்கு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோலில்லாத முதல் கோழி அன்று ரீச்சர் வீட்டில் கறியாகியது. அதுதான் அந்த வாரத்தின் நல்ல சாப்பாடு.

இருபத்திமூன்றாம் திகதி விடிய மழையோடு கறண்ட் போய்விட்டது. ரீச்சரின் மின்சார அடுப்பை அதுவரை யாரும் மூட்டியதில்லை. அதற்குள் அவருடைய நல்ல கோப்பைகள் இருந்தன. அவற்றை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் கறண்ட் இல்லை என்பது நினைவு வந்தது. கோழி தட்டத்தில் தயாராகக் கிடந்தது. மச்சாள் முதல் நாளே வந்து மேல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தட்டத்தைத் தறப்பாளால் சுற்றி, ரீச்சரின் சைக்கிள் கரியலில் கட்டி, பள்ளிமுனைப் பேக்கரிக்கு மிதித்தேன்.

நத்தார் என்கிற கிறிஸ்மஸ் வாரத்தில் அந்தப் பேக்கரி ஊரின் பொதுக் குசினி. வீடுகளில் போறணை அடுப்பு இல்லை. ஆகவே பெண்கள் கேக்குக்கு அடித்த மாவைத் தட்டுகளில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். காலையில் பாண் இறக்கிய பிறகு போறணையின் சூடு இறங்கும். அந்த இறங்கு சூடுதான் கேக்குக்குரியது. மாறிவிடாமல் ஒவ்வொரு தட்டிலும் வீட்டுக்காரரின் பெயரெழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அன்று பதினொரு தட்டு வரிசையில் இருந்தது. தட்டுக்குரிய பதினொரு பெண்களும் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக் வேகிற போறணைக்குள்ள கோழியோ?" என்றார் பேக்கரிக்காரர். "பெருநாள் முடிய வா."

"பெருநாள் முடிய எனக்குப் படுக்க இடமில்லை அண்ணை. இந்தக் கோழி சரிவந்தால்தான் ரீச்சர் அறை தருவா."

வாங்கின் நடுவில் இருந்த பெரிய உடம்புக்காரியை மற்றவர்கள் மாமி என்றார்கள். அவர் தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார்.

"விடன் தம்பி," என்றார் பேக்கரிக்காரரிடம். "பாலன் பிறந்த குடிலுக்குள்ள ஆடும் மாடும் நிண்டதுதானே? ஒரு கோழி நிண்டால் என்ன?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபிறகு மறுக்க முடியாது. பேக்கரிக்காரர் சீட்டு ஒட்டச் சொன்னார். எழுத எனக்கு வீடில்லை, 'கோழி' என்று எழுதினேன். "அது பார்த்தாலே தெரியாதோ?" என்று கேட்டபடி தட்டத்தைத் தள்ளினார். மாமியின் கேக்குக்குப் பக்கத்தில் இடமிருந்தது. கதவை மூடினார்.

அரை மணித்தியாலத்தில் மணம் வந்தது. முதலில் தோடம்பழத் தோல், பிறகு கோழிக் கொழுப்பு, அதற்குப் பிறகு உள்ளி. உள்ளி வந்தபிறகு வேறொன்றும் வரவில்லை. "என்ன மணமடா தம்பி" என்று மாமி கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மணம் அந்தச் செங்கல் போறணைக்குள் வேறு எங்கேயும் போக வழியில்லாமல் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அங்கே இருந்த பதின்மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தபோது கோழி படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. கேக்குகளும் நன்றாகப் பொங்கியிருந்தன. மாமி தன் கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"உள்ளி," என்றார்.

"உங்கட கேக்கிலயோ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"என்ர கேக்கில மட்டுமோ? உன்ரயையும் பிச்சுப் பார்."

பதினொரு பேரும் கிள்ளினார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். "இது பங்குச் சுவாமிக்குக் குடுக்க அடிச்சது" என்றாள் இன்னொருத்தி. பேக்கரிக்காரர் தான் காலையிலேயே சொன்னதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் மெதுவாகத் தட்டத்தைத் தூக்கப் போனேன். மாமி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். சூடு அவருக்குத் தெரியவில்லை.

"கோழி நிக்கட்டும்."

"மாமி, மத்தியானத்துக்குக் கீரிக்குப் போகவேணும். இல்லாட்டி எனக்கு அறை இல்லை."

"எங்களுக்குக் கேக் இல்லை."

அது சரியான பேச்சு. மாமி இன்னொரு துண்டு கிள்ளி, இந்த முறை நிதானமாகச் சாப்பிட்டார்.

"நீ இத்தாலியில குசினியில நிண்டனியெண்டு கதைக்கினம். உண்மையோ?"

"ஓம்."

"அங்க நத்தார் கேக்குக்கு உள்ளி போடுறவையோ?"

பதினொரு முகம் என்னைப் பார்த்தது. மாமியின் கை இன்னும் தட்டத்தில் இருந்தது.

"போடுறவை," என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு மணத்துக்கு."

"கேட்டியளோடி?" என்றார் மாமி மற்றவர்களிடம். "இது இத்தாலிக் கேக். ஆரும் கேட்டால் அப்பிடிச் சொல்லுங்கோ. வெளிநாட்டில பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் கட்டாயம் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவினம்." கையை எடுத்தார். இத்தாலியைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

மத்தியானம் மச்சாள் கோழியைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டாள். பீற்றூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கியிருந்தது, அதைப் பார்த்துச் சிரித்தாள். கிழங்கையும் நோக்கோலையும் ஒன்றுவிடாமல் முடித்தாள். உள்ளியைத் தோலிலிருந்து பிதுக்கிப் பாணில் பூசினாள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் மொழியில் எங்கே படித்தாய் என்று கேட்டாள். அந்த மொழியில் எனக்குச் சீக்கிரம், சூடு, கவனம், தண்ணீர், அதோடு ஏழெட்டுத் தூசணம் தெரியும். வெறும் தட்டை எடுத்துச் சுரண்டிக் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னவாம்?" என்று ரீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார். மச்சாள் ஏதோ சொன்னாள். "நல்லாப் பழகின கையாம்," என்று ரீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நத்தார் போகட்டும் என்றார். இன்னும் இரண்டு நாள் வலைக்குப் பக்கத்தில் நனைந்தேன்.

நத்தாரன்று பின்னேரம் மாமி குடையும் தட்டுமாகக் கீரிக்கு வந்தார். அவருடைய மகளுக்கு ரீச்சர் ஒருகாலத்தில் படிப்பித்தவர். வருடா வருடம் கேக் வரும். நான் தேநீர்த் தட்டத்தோடு வாசலில் நின்றேன்.

"இத்தாலிக் கேக் ரீச்சர். உங்கட ஆள் சொல்லித் தந்த முறை. உள்ளி போட்டது. ஊரெல்லாம் குடுத்தாச்சு, சுவாமியும் புதுமாதிரி இருக்கெண்டவர்."

ரீச்சர் ஒரு துண்டை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு துண்டை மச்சாளின் தட்டில் வைத்து, உங்கள் நாட்டில் இப்படித்தானா என்று கேட்டார். எனக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. அறைத் திறப்பு ரீச்சரின் இடுப்புச் சாவிக்கொத்தில், மற்றத் திறப்புகளோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சாள் ஒரு கடி கடித்தாள். அவளுடைய கண்ணில் நீர் வந்ததுபோல எனக்குப் பட்டது. மாமியின் முகத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த தட்டத்தைப் பார்த்தாள், நீளமாக ஏதோ சொன்னாள்.

ரீச்சர் மொழிபெயர்த்தார். "அவையின்ர வடக்குப் பக்கத்தில இப்பிடிச் செய்யிறேல்லையாம். தெற்கில செய்வினமாம். தெற்காக்கள் என்னவும் செய்வினமாம்."

"அதுதானே," என்றார் மாமி. "இஞ்சையும் தீவுக்குள்ள ஒருமாதிரி, பெருநிலத்தில ஒருமாதிரி. தம்பி தெற்கில நிண்டிருப்பான்."

"ஓம், தெற்கு," என்றேன். நான் தட்டுக் கழுவிய இடத்தின் ஜன்னலால் பார்த்தால் பனி மூடிய மலை தெரியும். அதற்கு அப்பால் வேறு நாடு.

மாமி போனபின் ரீச்சர் கொத்திலிருந்து திறப்பைக் கழற்றித் தந்தார். மழை தொடங்குமுன் சாமானைக் கொண்டுவரச் சொன்னார். என் சாமான் ஏற்கெனவே வாசலில் இருந்தது. பை சின்னது என்பதால் அவர் கவனிக்கவில்லை.

கோப்பை தட்டுகளைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கழுவ உட்கார்ந்தேன். மச்சாள் தன் தட்டில் தோடம்பழத் தோலைக் குவித்து, அதற்குமேல் கடதாசித் துவாயை மடித்து வைத்திருந்தாள். இப்படி மூடிய தட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துவாயைத் தூக்கினேன். அடியில் கேக் துண்டு, ஒரு கடி மட்டும் குறைந்து, தட்டையாக அமுக்கப்பட்டிருந்தது.

யாரும் வருமுன் அதைச் சுரண்டி மதிலோரம் எறிந்தேன். காகம் ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போய், கொஞ்சத் தூரத்தில் வைத்துவிட்டுப் பறந்தது. தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு அறையைத் திறக்கப் போனேன்.