பத்தியம் இல்லாத மருந்து

அப்துல் ரவூப் மீன் விற்றுப் பிழைத்தவர். விடிந்ததும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ரங்கசாமியின் படகு வந்து சேரும். வலையில் இருப்பதை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போவார். இரும்பு ஆலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் சிப்காட் வாசலில் அவருக்காக நிற்பார்கள்.

"பாய், மடவை இருக்குதா?"

"எனக்குக்கூட வெச்சுக்காம உனக்குத்தான் எடுத்துகினு வந்தேன்."

அது பொய். நல்ல மடவை ஒன்று காலையிலேயே அவர் வீட்டுக்குப் போயிருக்கும். அவர் மனைவி பத்ருன்னிசா அதைக் கெட்டிப் புளி கரைத்துக் குழம்பு வைத்திருப்பாள். மதியம் திரும்பி வந்து, தலையையும் சினையையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் தின்பார். யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

2005-இல் இடுப்பு வலி என்று படுத்தார். மொபெட் ஓட்டி வந்த வலி என்றே நினைத்தார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். முழுசாகக் குணமாக்க முடியாது, ஊசி போட்டுக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை காட்டும். நாலுக்குள் இருக்க வேண்டிய எண் அன்றைக்குத் தொண்ணூற்றாறு.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மஞ்சளும் மாதுளைத் தோலும் சேர்த்துச் செய்த மாத்திரையை ஊசியோடு கொடுத்தால் கூடுதலாகப் பலன் உண்டா என்று பார்த்தார்கள். நர்ஸ் ஆரோக்கியமேரி நிதானமாக விளக்கினாள். பாதிப் பேருக்குத்தான் அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடியும்வரை டாக்டருக்கே தெரியாது.

"நமக்கு மாவு வராது. அல்லா அப்டியா வுட்ருவான்?" என்றாள் பத்ருன்னிசா. "பத்தியம் இன்னாம்மா?"

"பத்தியம்லாம் ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போல சாப்புடட்டும். வேற நாட்டு மருந்து மட்டும் சேக்காதீங்க."

பத்ருன்னிசா தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி தின்றவர்கள் எல்லாரும் உப்பும் புளியும் இல்லாமல்தான் தின்றார்கள். செடியில் செய்த மருந்துக்குப் பத்தியம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஊசி போடுகிறவளுக்கு அது தெரியாது என்று, பொன்னேரிக்கு வரும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் மீன் இல்லை, கருவாடு இல்லை, புளி இல்லை.

"இன்னா பத்ரு, ஒடம்புல இன்னும் மீன் வாசனை போவல, தட்டுல பாசிப்பருப்பா?"

"மருந்து ஒடம்புல புடிக்க வேணாமா?"

"அது புடிக்கறதுக்குள்ள எனக்குச் சோறே புடிக்காம பூடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தட்டில் பாதி மிச்சமிருந்தது.

ஆறு மாதத்தில் எண் நாலுக்கு இறங்கியது. ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். பத்ருன்னிசாவோ தெருவெல்லாம் பத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். ரவூப் மறுபடி மொபெட்டை எடுத்தார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் எண் பதினொன்றுக்கு ஏறியது. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"எங்க தின்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"ரங்கசாமி படகுல. சினை மடவை சுட்டு வெச்சான். ஒரே துண்டு."

"ஒரு துண்டா, ஒரு மீனா?"

"ஒரு துண்டுதான் பத்ரு."

மூன்று நாள் அவள் அவரிடம் பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். "நோயாளிகிட்ட போயி கோவமா உம்மா?" என்று மகள் ஜபீன் கேட்டதற்கு, "அவரு உசுர அவரே தின்னுகினு வராரு, நான் கொஞ்சணுமா?" என்றாள்.

அதன்பின் அவர் மீனைத் தொடவில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள். 2007 முடியும்போது அவர் கட்டிலை விட்டு எழவில்லை. ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அன்னிக்கு அந்த ஒரு துண்ட தின்னிருக்கக் கூடாது பத்ரு."

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு நாளில் அவர் இறந்துபோனார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலமான நாலு மாதம் பத்து நாளும் பத்ருன்னிசா வாசலைத் தாண்டவில்லை. அந்த நாட்களில்தான் ஆரோக்கியமேரி போன் செய்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ரவூப்புக்கு வந்தது மாவு மாத்திரை.

"அப்போ பத்தியம்?"

"எந்தப் பத்தியம்மா?"

பத்ருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள்.

"மீனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா," என்றாள் ஆரோக்கியமேரி மெதுவாக. "ஊசிக்கு நோய் கொஞ்ச காலந்தான் அடங்கும். அப்புறம் ஏறும். நெஜ மாத்திரை கெடச்சவங்களுக்கும் எங்க ஆராய்ச்சியில பெருசா வித்தியாசம் தெரியல. உங்க மேல தப்பு இல்ல."

இத்தா முடிந்த மறுநாள் காலை, ஜபீனைக் கூட்டிக்கொண்டு பத்ருன்னிசா ஏரிக்கரைக்குப் போனாள். ரங்கசாமி வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பாய் உன் படகுல எவ்ளோ மீனு தின்னாரு?"

ரங்கசாமி பதறினான். "பாயம்மா, நான் வம்படியா குடுக்கல..."

"நான் சண்டைக்கு வரல. நெறைய தின்னாரா? எனக்குத் தெரியாம டெய்லி தின்னாரா? சொல்லுண்ணே."

அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. அதனால் நடந்ததையே சொன்னான்.

"சத்தியமா ஒரே துண்டு பாயம்மா. வால் பக்கம். இன்னொண்ணு எடுத்து வெச்சேன். ‘ஊட்ல பத்தியம்டா, பத்ரு கேட்டா எனக்குப் பொய் வராது’ன்னு தள்ளி வெச்சிட்டாரு."

"அந்தத் துண்டு?"

"ஆறிப்போச்சு. காக்காய்க்குப் போட்டுட்டேன்."

ஜபீன் உம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரங்கசாமி என்ன செய்வதென்று தெரியாமல் கூடையிலிருந்து ஒரு பெரிய மடவையை எடுத்து நீட்டினான்.

"பாய்க்குன்னு எடுத்து வைக்கிற சைஸு. எடுத்துகினு போ பாயம்மா. கொழம்பு வெய்யி."

பத்ருன்னிசா அதை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊட்ல புளி இல்லண்ணே," என்றாள்.