யோகராணி ஓட்டிய நாலு குதிரைத் தேர்

யோகராணிக்கு அறுபத்தொரு வயது. ஸ்காபரோவில் வேலைத்தலமாக ஒரு யூனிற் எடுத்து, கலியாணத்துக்கும், பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீட்டுக்கும் மணவறையும் தேரும் செய்து வாடகைக்கு விடுகிறாள். நான் அவளுடைய வான் ஓடுகிறேன், பூக் கட்டுகிறேன், நேரம் கிடைத்தால் சண்டையும் பிடிக்கிறேன். பதினாலு வருசமாக இதுதான். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

ரொறன்ரோவில் தமிழ்க் கலியாணப் பொம்பிளை மண்டபத்துக்குள் நடந்து வருவது குறைந்துபோய்விட்டது. பல்லக்கு, தேர் என்று எதிலாவது ஏறித்தான் வருவாள். மற்றவர்களின் தேரில் இரண்டு குதிரை முன்னாலும் இரண்டு பின்னாலும் நிற்கும். அப்போதுதான் கதவுக்குள்ளால் போகும். யோகராணியின் தேரில் நாலும் ஒரே வரிசையில், தோளோடு தோள் உரசி நிற்கும். ஃபோமில் வெட்டி, மேலே ஃபைபர்கிளாஸ் பூசி, அவளே வெள்ளையடித்த குதிரைகள். தேருக்குச் சில்லு உண்டு, பின்னால் நின்று ஆட்கள் தள்ளுவார்கள்.

இந்தப் பிடிவாதம் பெர்லினில் பிடித்தது. 1985இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரெயில் ஏறி மேற்குக்கு வந்து அகதியாகப் பதிந்தவள் அவள். இருபத்தொரு வயது, தனி ஆள். மதிலுக்கு அப்பால் ஒரு பெரிய வாசல், அதன் உச்சியில் நாலு குதிரை பூட்டிய தேர். மேற்கிலிருந்து பார்த்தால் தேரின் முதுகும் ஓட்டுகிறவளின் சிறகும்தான் தெரியும். அது ஆர் என்று காம்பில் இருந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறாள்.

"வெற்றித் தெய்வம். நெப்போலியன் பிடுங்கிக்கொண்டு பாரிசுக்குப் போனவன். எட்டு வருசத்தாலை திரும்பி வந்திட்டா" என்றாராம் அவர்.

"அவளுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லையடி. கடிவாளம் அவளின்ரை கையிலை" என்று யோகராணி எனக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பாள். வேலைத்தலச் சுவரில் பெர்லின், பாரிஸ், லண்டன் வாசல்களின் தேர்ப் படங்களை ஒட்டி வைத்திருக்கிறாள். வெனிசில், வேறு ஊரில் கொள்ளையடித்துக் கொண்டுவந்த நாலு குதிரை மட்டும் நிற்கிறது, தேரும் இல்லை, ஓட்டுகிறவளும் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், "கொள்ளையடிக்கிறவங்களுக்குக் குதிரை மட்டும்தான் கண்ணிலை படும்" என்பாள்.

அவளுடைய முதல் தேர் மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்துக் கதவில் இறுகிவிட்டது. உள்ளே ஐயர் முகூர்த்தம் போகுது என்று கத்த, பொம்பிளை தேரால் குதித்து ஓட வேண்டியதாகப் போனது. ஊரே சிரித்தது. நாலையும் இரண்டாக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. பிறம்ரனில் ட்ரக் ஓடிய அவளுடைய கணவர் தில்லையம்பலம்தான் வழி கண்டுபிடித்தார். கரையில் நிற்கும் இரண்டு குதிரைகளுக்கும் கதவுப் பிணைச்சல் பூட்டினார். வாசலில் அவை பின்பக்கம் மடங்கும். உள்ளே வந்ததும் கயிற்றை இழுத்தால் விரிந்து வரிசைக்கு வரும்.

கயிற்றின் நுனி தேரின் பின்னால் இருந்தது. அங்கே வெல்வெற் சீலைக்குள் குந்தியிருந்து யோகராணி இழுப்பாள். முன் ஆசனத்தில் ஃபைபர்கிளாஸ் கண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் கையில் இருந்தது வெறும் சரிகை நாடா. வேலை செய்கிறவள் பின்னால், பெயர் அவருக்கு.

பதினொரு வருசத்துக்கு முன் தில்லையம்பலம் நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவள் சீலைக்குள் இருப்பது பலருக்கு வசதியாகிவிட்டது. ஒரு மாப்பிள்ளையின் தாய், "நீங்கள் பொம்பிளைக்குப் பூ வைக்காதேங்கோ, வேறை ஆரையும் விடுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூக்கூடையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். யோகராணி தொழிலை நினைத்துக் கூடையை என்னிடம் தந்துவிட்டாள்.

போன வருசம் அவளுடைய ஒரே மகள் நிலாணிக்கும் மிதுனனுக்கும் கலியாணம் பேசி முற்றானது. தில்லையம்பலத்தின் தமக்கை இராசமலர் வேலைத்தலத்துக்கே வந்து சட்டம் பேசினாள்.

"தாரை வார்க்கிறது நானும் இவரும். ஆராத்தியும் நான் பாக்கிறன். நீ வழமை மாதிரித் தேருக்குப் பின்னாலை இரன். ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல காரியத்திலை சபைக்கு முன்னாலை வந்து நிண்டு சனத்தைக் கதைக்க வைக்காதை."

யோகராணி தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். கார் போன பிறகு குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்தாள்.

"என்ரை பிள்ளையை நானே ஒளிச்சிருந்து கொண்டுவாறதோ? ட்ரில்லை எடடி."

கண்ணனைக் கழற்றினோம். கயிற்றைத் தேரின் அடியால் கொண்டுபோய் முன் ஆசனத்துக்கு எடுக்க இரண்டு நாள் பிடித்தது. கலியாணத்தன்று கண்ணனை நான் ஓடும் வானின் முன் சீற்றில் இருத்தி பெல்ற் போட்டுவிட்டேன். அவருக்கும் ஓய்வு வேண்டும்தானே.

மண்டபக் கதவு திறந்தது. மேளம் முழங்கியது. மேலே நிலாணி, முன்னால், கண்ணன் இருந்த இடத்தில், அரக்குப் பட்டும் பொட்டுமாக யோகராணி. நானூறு பேரும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். நடைபாதை நடுவில் ஆராத்தித் தட்டோடு நின்ற இராசமலரின் முகம் கறுத்துவிட்டது.

"இறங்கு. மானம் போகுது" என்று பல்லைக் கடித்தாள்.

"விலகுங்கோ மச்சாள். குதிரை விரியப் போகுது."

அவள் விலகவில்லை. யோகராணி கயிற்றை இழுத்தாள். கரைக் குதிரைகள் இரண்டும் விரிந்து, நாலும் ஒரே வரிசையாகி, பாதையை அடைத்துக்கொண்டு முன்னேறின. இராசமலர் தட்டோடு ஒரு மேசைக்குள் ஒதுங்கவேண்டியதாயிற்று. பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சு குளிர்ந்தது.

தாரை வார்க்கும் நேரம் ஐயர், "பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்தவை வாங்கோ" என்றார். இராசமலர் புருசனையும் இழுத்துக்கொண்டு மணவறையில் ஏறினாள். நிலாணி கையைக் கொடுக்கவில்லை.

"நோ மாமி. என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது அம்மா. எவ்ரிபடி பார்த்தவை."

ஐயர் நானூறு பேரையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப அம்மா வாங்கோ" என்றார். யோகராணி ஏறினாள். தன் கையால் மகளின் கையைப் பிடித்து மிதுனனிடம் கொடுத்தாள். அப்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இனி ஒருத்தரும் உங்களைக் கூப்பிடமாட்டினம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள், போன் அடிக்கவில்லை, உண்மைதான். மூன்றாம் கிழமை யூனியன்வில்லில் இருந்து ஒருத்தி போன் அடித்தாள். தேரைப் பற்றி விசாரித்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் போய் மூண்டு வருசம். மகளோடை நானும் தேரிலை வரலாமோ? பின்னாலை எண்டாலும் பரவாயில்லை."

"பின்னாலை இடமில்லை" என்றாள் யோகராணி. "வெள்ளிக்கிழமை இஞ்சை வாங்கோ. கயிறு இழுக்கப் பழக்கிவிடுறன்."