வாசலோடு நின்றுவிடும் பூட்ஸ்

டொராண்டோவில் இலைகள் சிவக்கும் மாதம். ஸ்கார்பரோவில் ஒரு காலணிக் கடையில் உட்கார்ந்து, முழங்கால் வரை ஏறும் கறுப்பு பூட்ஸை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அடியிலிருந்து உச்சி வரை கயிறு. கட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனால் கண்ணாடியில் தெரிபவை மதுரையிலிருந்து செருப்போடு கிளம்பிவந்த கால்கள்தானா என்று எனக்கே சந்தேகம்.

விற்பனைப் பெண் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறார்.

"எங்கை போட்டுக்கொண்டு போகப்போறியள், அக்கா?"

"சனிக்கிழமை டோர்செட் பார்க் பக்கம், என் சிநேகிதி வீட்டில் அவள் மகளுக்குப் பிறந்தநாள்."

"தமிழ் ஆக்களின்ரை வீடோ?"

"ஆமாம்."

"அப்ப வாசலிலையே கழட்ட வேணுமெல்லோ! நீங்கள் உந்தக் கயிறெல்லாம் அவிட்டு முடிக்க, அங்கை கேக் வெட்டி முடிஞ்சிடும்."

கழற்றிப் பார்க்கிறேன். ஒரு காலுக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அவர் உள்ளே போய், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் மரூன் நிற பூட்ஸைக் கொண்டுவருகிறார். பக்கவாட்டில் ஜிப். ஒரே இழுப்பில் ஏறுகிறது, ஒரே இழுப்பில் இறங்குகிறது, குதிகால் உயரமும் கச்சிதம். "இதுவே போதும்" என்கிறேன்.

அவர் பெட்டியை எடுக்காமல் என் காலையே பார்க்கிறார். சாக்ஸின் ஓட்டை வழியே என் பெருவிரல் அவரை எட்டிப் பார்க்கிறது.

"பூட்ஸ் வாசலோடை நிண்டிடும், அக்கா. உள்ளுக்கை வந்து பிறந்தநாள் வீடியோவிலை விழப்போறது உந்தப் பெருவிரலார்தான்."