செல்வகுமாரியின் கை

என் மருமகள் செல்வகுமாரி அரியாங்குப்பத்துக்காரி. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிதில் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு பாத்தி சிறுகீரையை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, "கொல்லய சுத்தம் பண்ணிட்டேன் அத்த" என்று வந்து நின்றாள். திட்ட வாய் வரவில்லை, சிரித்துத் தொலைத்தேன்.

அப்படி வந்தவள்தான் பிறகு அந்தக் கொல்லையே கதியென்று ஆனாள். பாகூரில் ஜவுளிக்கடை வேலை. சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்தினால், முகம்கூடக் கழுவாமல் நேரே புடலைப் பந்தலுக்கடியில் போய்த்தான் நிற்பாள்.

எங்கள் தெருவில் ஆடிப் பதினெட்டன்று கொல்லையில் முதல் விதை ஊன்றுவது கழுத்தில் தாலி உள்ளவள் கைதான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என் கை ஆகாது என்றார்கள். அதனால் வருஷா வருஷம் செல்வகுமாரி ஊன்றினாள். ராசியான கை என்று தெருவே மெச்சி, சுரைக்காயும் பீர்க்கங்காயும் வாங்கிக்கொண்டு போகும்.

போன சித்திரையில் என் மகன் புகழேந்தியை லாரி அடித்துவிட்டது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

ஆடி வந்தது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் என்னோடு சேர்ந்து நடவு நட்டவள், கெட்டவள் இல்லை. தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

"வெதய எடுக்கா, நான் ஊனித் தரேன்."

"செல்வகுமாரி இருக்காளே."

"இன்னாக்கா பேசுற? அவ இப்ப..."

"இப்ப இன்னா? போன ஆடிக்கு இருந்த அதே கைதான. வெரல் ஒண்ணு கொறஞ்சிடுச்சா?"

கதவோரம் நின்ற செல்வகுமாரி, "வேணாம் அத்த, அவங்களே ஊனட்டும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. புருஷன்தான் போய்விட்டான், கொல்லையும் போகவேண்டுமா அவளுக்கு? விதை முடிச்சை அவிழ்த்து அவள் கையில் கொட்டினேன். "நீ ஊனுனா ஊனு. இல்லன்னா இது கட்டாந்தரையா கெடக்கட்டும்."

அழுதுகொண்டேதான் ஊன்றினாள். வள்ளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவரை பூத்தது, புடலை இறங்கியது. கார்த்திகையில் ஆறு கரையேறி ஊருக்குள் வந்தது. பந்தல் சாய்ந்து எல்லாம் சேற்றோடு அழுகிப் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வள்ளியம்மாள், "அன்னைக்கே சொன்னனே, கேட்டியாக்கா?" என்றாள்.

"உன் கொல்லயுந்தான் முழுவிக் கெடக்குது. கோடி வீட்டு ஆதிமூலம் கரும்பும் போச்சி. அதெல்லாம் எந்தத் தாலி அறுத்தவ நட்டா, சொல்லு."



தை பிறந்து மண் ஆறியது. வெண்டையும் பாகலும் ஊன்றுகிற நேரம். தெருவில் பாதிப் பேருடைய விதையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. எங்கள் விதையைச் செல்வகுமாரி சாம்பலில் புரட்டிப் பரணில் கட்டி வைத்திருந்தாள், அது பிழைத்தது. வள்ளியம்மாள் கேட்டு வந்தாள்.

"ரெண்டு பாகல் வெத குடுக்கா. உன் கையால குடு."

"என் கை மட்டும் இன்னா, நானும் அறுத்தவதான. அவ கட்டி வெச்ச வெத. வேணும்னா அவகிட்ட கேட்டு வாங்கிக்க."

"உன்னோட பேச முடியாதுக்கா" என்று அவள் திரும்பினாள். போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த செல்வகுமாரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"சின்னத்த, வெறும் வெதய எடுத்துக்குனு போயி இன்னா பண்ணுவீங்க? நானே வந்து ஊனிட்டுப் போறேன்."

வள்ளியம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனவள் தன் வீட்டு வேலிப் படலைச் சாத்தாமல் விட்டுப் போனாள்.

செல்வகுமாரி விதையைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். போகட்டுமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.